வங்க எழுத்தும் ஒரு தானசாசனமும்



பெங்களூர் நகரின் கிழக்கே, பழைய விமான நிலையச் சாலையை ஒட்டித் தொம்மலூர் என்றொரு பகுதி இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது அங்கேதான். கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளையும் மேம்பாலத்தையும் கடந்து சில தெருக்கள் உள்ளே நடந்தால் ஒரு பழைய கோயிலைக் காணலாம். சொக்கநாதசுவாமி கோயில் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டுச் சிவாலயம் என்று எண்ணி வருபவர்கள் உண்டு. உள்ளே எழுந்தருளியிருப்பவரோ சொக்கப் பெருமாள். அக்கோயிலில் தமிழ்க் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் இவ்வூரின் பழைய பெயர்களை அவற்றிலே காண்கிறோம். பி. எல். ரைஸ் என்னும் அறிஞர் 1905-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எபிகிராஃபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியைப் புரட்டினால் பெங்களூர் மாவட்டத்துச் சாசனங்களோடு இவற்றையும் படிக்கலாம்.

கல்வெட்டு என்பது பெரும்பாலும் ஒரு தானத்தின் பத்திரமே. இன்னார் கொடுத்தார்; இன்னதைக் கொடுத்தார்; இன்ன காரியத்துக்காகக் கொடுத்தார்; சந்திரரும் சூரியரும் உள்ளளவும் இது நடைபெற வேண்டும். தமிழ்ச் சாசனங்களில் பழகியவர்களுக்கு இந்த நடை மனப்பாடம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கல்லைப் பற்றியதன்று. கணினித் திரையிலே தோன்றும் வங்க எழுத்தைப் பற்றியது. ஆயினும் அதுவும் ஒரு தானத்தின் கதையாதலின் சாசனத்திலிருந்து தொடங்கினோம்.

எங்கள் அலுவலகத்தில், தணிக்கைப் பிரிவில், வங்காளத்து நண்பர் ஒருவர் பணியாற்றுகிறார். தம் தாயாருடன் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், துர்க்கா பூஜையை ஒட்டி, இப்பகுதியிலுள்ள வங்காளக் குடும்பங்கள் ஓர் அழைப்பிதழ் அச்சிட விரும்பின. முதலில் வங்காள வாசகம். அக்கம்பக்கத்தாருக்காகக் கன்னடத்திலும் தமிழிலும் சில வரிகள். தமிழ் வரிகள் எங்கள் பொறுப்பு. மொழிபெயர்ப்பாளர் தெருவில் குடியிருந்தால் இத்தகைய வேலைகள் வந்து சேருவது இயல்புதானே! அச்சகத்திலிருந்து மாதிரிப் படி வந்தது. தமிழ் ஒழுங்காக இருந்தது, கன்னடமும் அவ்வாறே. வங்காளத்தைப் பார்த்த நண்பரின் தாயார் ஒன்றும் பேசாமல் தாளைக் கீழே வைத்துவிட்டார். 'உத்ஸப்' என்னும் சொல், அதாவது திருவிழா என்னும் சொல், நடுவே பிளந்து கிடந்தது. ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் வெறுங் கட்டம் நின்றது.

அந்த எழுத்தை வங்காளிகள் 'கண்ட த' என்பார்கள். துண்டான தகரம் என்று பொருள். நம் 'த்' போன்று உயிரேறாத தகர மெய் அது. ஆனால் தகரத்தின் மேல் புள்ளி வைத்ததன்று, தனியே வளைந்து நிற்கும் வேறொரு வடிவம். சத்யஜித் ராய் என்னும் பெயரை வங்காளத்தில் எழுதினால் 'சத்யஜித்' என்பதன் கடைசி எழுத்து இதுவே. திரைப்பட மேதையாகிய அவர் எழுத்து வடிவங்களை வரைவதிலும் வல்லவர். 'ராய் ரோமன்', 'ராய் பிசார்' என்று ஆங்கில எழுத்துக்கு வடிவங்கள் அமைத்துக் கொடுத்தவர். அத்தகையவரின் பெயரைத் தாய்மொழியிலே எழுதக் கணினியில் சுற்றுவழி தேடவேண்டியிருந்த ஒரு காலம் இருந்தது.

அது எவ்வாறு என்பதைச் சிறிது விளக்குவோம். உலக மொழிகளின் எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தக் கணினியிலும் அந்த எண் அந்த எழுத்தையே குறிக்கும்படி செய்திருக்கும் ஏற்பாட்டுக்கு ஒருங்குறி என்று பெயர். அதிலே வங்க எழுத்துக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது, தமிழுக்கும் அவ்வளவே. தொடக்கத்தில் அந்த வரிசையில் கண்ட தகரத்துக்கென்று தனி எண் இல்லை. தகரம், உயிரை நீக்கும் ஹசந்தக் குறி, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துத் தட்டவேண்டும். அவற்றைக் கண்டவுடன் எழுத்துரு தானே ஊகித்து, கண்ட தகரத்தை வரைய வேண்டும். ஊகிக்கத் தெரியாத எழுத்துரு ஊமையாகிவிடும். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் 4.1 பதிப்பிலேதான் அந்த எழுத்துக்குத் தனி எண் கிடைத்தது. நம் தமிழுக்கு ஶகரமும் சுழியமும் கிடைத்தது அதே பதிப்பில் என்பதை இங்கே குறிப்பிடுதல் பொருந்தும்.

அச்சகத்தாரின் வங்க எழுத்துருவோ அந்த ஆண்டுக்கு முந்தையது. விலை கொடுத்து வாங்கியது. விடுபட்ட எழுத்தை வரைந்து சேர்த்துக்கொள்ளலாகாதா என்று கேட்டோம். அச்சகத்து உரிமையாளர் நல்ல மனிதர். எழுத்துருவைத் திறக்கவோ திருத்தவோ கூடாது என்று உரிமப் பத்திரத்தில் இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் விற்றவர்களையே கேட்கலாமே என்றோம். "கேட்கத் தயார், சார். அந்தக் கம்பெனிதான் இப்போது இல்லை" என்றார்.

இந்த மறுமொழியைச் சிறிது ஆராய்ந்து பார்த்தால் ஒரு விந்தை புலனாகும். ஈய அச்செழுத்து வழக்கில் இருந்த நாளில், வார்ப்படச் சாலையில் எழுத்தை வாங்கிய அச்சகத்தார் அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர். தேய்ந்தால் உருக்கிக்கொள்ளலாம். அவசரத்துக்குப் பக்கத்து அச்சகத்துக்கு ஒரு பெட்டி கடனாகவும் கொடுக்கலாம். வார்ப்படச் சாலை மூடப்பட்டாலும் எழுத்து அவர் கையிலே இருக்கும். விடுபட்ட ஓர் உருவைத் தட்டாரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளவும் கூடும். எடையே இல்லாத கணினி எழுத்து வந்த பிறகு அந்த உரிமைகள் யாவும் போய்விட்டன. பணம் கொடுத்தவருக்கு மிஞ்சியது, பயன்படுத்திக்கொள்ள ஓர் அனுமதி மட்டுமே.

வங்க எழுத்தின் பழைய வரலாறு இதற்கு நேர்மாறானது. 1778-ஆம் ஆண்டில் நதானியேல் ஹால்ஹெட் எழுதிய வங்க மொழி இலக்கணம் ஹூக்ளியில் அச்சாயிற்று. அதற்காகச் சார்ல்ஸ் வில்கின்ஸ் என்னும் ஆங்கிலேயரும் பஞ்சானன் கர்மகார் என்னும் கைவினைஞரும் சேர்ந்து அச்சுக்களை வெட்டினார்கள். நூலிலே வில்கின்ஸின் பெயர் சிறப்பாகப் பேசப்படுகிறது. கர்மகாரின் பெயரை நாம் பிற்காலத்தாரின் நன்றியுணர்வினாலேயே அறிகிறோம். உளி பிடித்த கைக்கு முகப்பிலே இடம் கிடைப்பது எக்காலத்திலும் அரிது. கர்மகார் பின்னர்ச் சேராம்பூர்ப் பாதிரிமாரின் அச்சகத்தில் பணியாற்றி, அங்கே தம் மருமகன் மனோகருக்குத் தொழிலைக் கற்பித்தார். எழுத்து வடிவம் கையிலிருந்து கைக்குச் சென்றது, திருந்தியவாறே சென்றது. ஈசுவர சந்திர வித்யாசாகர் 1855-இல் 'வர்ணபரிசய' என்னும் பாலபாடத்தை இயற்றியதோடு நில்லாமல், அச்சுக்கோப்பவரின் பெட்டியில் எந்த எழுத்து எந்த அறையில் இருக்கவேண்டும் என்பதையும் ஒழுங்குபடுத்தினார். 1935-இல் 'ஆனந்த பஜார் பத்திரிகை'யின் சுரேஷ் சந்திர மஜும்தார் வங்க எழுத்தை லினோடைப் இயந்திரத்துக்குப் பொருத்தினார். 1970-களின் பிற்பகுதியில் லினோடைப் நிறுவனத்துக்காக ஃபியோனா ராஸ், டிம் ஹாலோவே ஆகிய இருவர் உழைத்து அமைத்த வடிவம் செய்தித்தாள்களிலே பெருவழக்காயிற்று. அழகான வடிவம்தான். ஆனால் அது நிறுவனத்தின் உடைமை.

இனி அழைப்பிதழுக்கு வருவோம். நண்பர் மறுநாள் காலையில் ஒரு கட்டற்ற வங்க எழுத்துருவை இறக்கிக்கொண்டு வந்தார். 'கட்டற்ற' என்னும் அடைமொழியைப் பற்றி, தொழில் காரணமாக, ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். ஆங்கிலத்திலே 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் உரியதாய் இருந்து தொல்லை கொடுக்கிறது. 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' இயக்கத்தை 1983-இல் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், தாம் சொல்வது விலையை அன்று, விடுதலையை என்று விளக்கி விளக்கியே ஆண்டுகள் பல கழித்தார். தமிழில் நமக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. விலையில்லாதது இலவசம், தளையில்லாதது கட்டற்றது. ஓர் எழுத்துரு இலவசமாக இருந்தும் கட்டுண்டதாக இருக்கலாம். வங்காளத்தில் இதற்கு வழங்கும் சொல் 'முக்த'. அங்கே புகழ்பெற்ற ஒரு கட்டற்ற எழுத்துருவுக்கு 'முக்தி' என்றே பெயர். அதைக் கேட்டவுடன் தமிழருக்கு மறுமை நினைவு வரக்கூடும்; வங்காளிகளுக்கோ நினைவு வருவது 1971-ஆம் ஆண்டின் விடுதலைப் போர்.

'முக்தி' பிறந்த வரலாறு அறியத்தக்கது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், 'ஆக்ருதி' என்னும் இந்திய மொழி மென்பொருளை விற்றுவந்த சைபர்ஸ்கேப் மல்டிமீடியா நிறுவனம், ஒன்பது இந்திய எழுத்து முறைகளுக்குரிய எழுத்துருக்களைக் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கட்டற்றவையாக வெளியிட்டது. தேவநாகரி, குஜராத்தி, குர்முகி, ஒரியா, தெலுங்கு, கன்னடம், மலையாளம், தமிழ் ஆகியவற்றோடு வங்காளமும் அவற்றுள் ஒன்று. ஒரு வணிக நிறுவனம் தன் கடைச்சரக்கில் ஒரு பகுதியை எடுத்து ஊர்ப்பொதுவாக்கியது சிறிய செய்தியன்று. ஆனால் அந்த வங்க எழுத்துரு அப்படியே ஒருங்குறிக்குப் பயன்படும் நிலையில் இல்லை. வங்க மொழி ஆர்வலர்கள் அதை எடுத்து, எழுத்துக்களை உரிய எண்களில் வைத்து, கூட்டெழுத்து விதிகளை எழுதிச் சேர்த்து 'முக்தி'யை உருவாக்கினார்கள். பிறகு அது 'டெபியன்' என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் வங்க எழுத்துருத் தொகுப்பிலே இடம் பெற்றது. உலகில் எங்கோ ஒரு மூலையில் அந்த இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும் வங்காளி, யாரையும் கேளாமல், யாருக்கும் பணம் கட்டாமல் தன் மொழியைத் திரையிலே காணலாம். 2004-இல் ரெட் ஹேட் நிறுவனம் வெளியிட்ட 'லோஹித்' வரிசையிலும் வங்காளமும் தமிழும் உண்டு. அஸ்ஸாமிய மொழி வங்க எழுத்தையே பெரிதும் பயன்படுத்தினும், ரகரமும் வகரமும் அங்கே வேறு வடிவம். அதற்கென்று ஒரு லோஹித்தும் உண்டு. அயல்மொழியார் செய்த உபகாரங்களும் உள. 'மீரா இனிமை' என்னும் கட்டற்ற தமிழ் எழுத்துருவை ஆக்கியவர்கள் கேரளத்தின் ஸ்வதந்திர மலையாளக் கணினிக் குழுவினர். மலையாளிகள் தமிழுக்கு அளித்த சீர் என்று அதை நாம் வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துருவை ஆக்குவது எழுத்தை வரைவதோடு முடிந்துவிடுவதில்லை என்பதை வங்காளத்தைக் கொண்டு நன்கு விளக்கலாம். தமிழிலே 'கெ' என்று எழுதும்போது கொம்பு இடப்புறம் நிற்கிறது. ஒலியோ ககரத்துக்குப் பின் வருகிறது. 'கொ' என்றால் இருபுறமும் அணைகிறது. வங்காளத்திலும் இவ்வாறே. அதனோடு, அந்தக் கொம்பு சொல்லின் முதலில் நிற்கும்போது தலைக்கோடு இன்றியும், நடுவில் நிற்கும்போது தலைக்கோட்டுடனும் வரவேண்டும் என்பது அச்சு மரபு. ரகர மெய் அடுத்த எழுத்தின் தலைமேல் ஏறி 'ரேஃப்' என்னும் சிறு கோடாகிவிடும். யகரம் சில இடங்களில் வலப்புறம் ஒரு வால்போல் தொங்கும். இவற்றுக்கு மேலே கூட்டெழுத்துக்கள். நமக்கு 'க்ஷ', 'ஸ்ரீ' என்னும் இரண்டொன்றே பழக்கம். அவர்களுக்கோ நூற்றுக்கணக்கில் உண்டு. ஐம்பது எழுத்துக்களை வரைந்துவிட்டு ஓய்ந்து உட்கார முடியாது. சில நூறு உருவங்களை வரைந்து, இன்ன எண்கள் இன்ன முறையில் அடுத்தடுத்து வந்தால் இன்ன உருவத்தை எடு என்று விதி விதியாக எழுதவேண்டும். நன்னூலார் புணரியல் எழுதியது போன்ற வேலை என்றே சொல்லலாம். வேறுபாடு, இங்கே சூத்திரத்தைப் படிப்பது மாணவன் அன்று, இயந்திரம். அந்த விதிகளைப் படித்துத் திரையிலே எழுத்தை அமைக்கும் கட்டற்ற கருவி ஒன்றுக்கு 'ஹார்ஃப்பஸ்' என்று பெயர். பாரசீகத்தில் திறந்த எழுத்து என்று பொருள்படும் சொற்களிலிருந்து அமைந்த பெயர் அது. எழுத்து வரைவதற்கு 'ஃபாண்ட்ஃபோர்ஜ்' என்னும் கட்டற்ற கருவியும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் செலவு, கணினியும் பொறுமையும். பொறுமைதான் மிகுதியாக வேண்டும்.

வடிவத்திலும் கட்சி உண்டு. வங்காளத்தில் 'கு', 'ரு', 'ஹு' போன்றவற்றுக்கு மரபான வடிவங்கள் அடிப்படை எழுத்திலிருந்து பெரிதும் மாறியவை. குழந்தைகள் எளிதாகக் கற்கும் பொருட்டு அவற்றைத் தெளிவான வடிவில் எழுதவேண்டும் என்று மேற்கு வங்கத்தின் பாங்க்லா அகாதெமி கருதியது. அவ்வாறே பாடநூல்களும் வந்தன. பழைய வடிவமே அழகு என்று வாதிப்பவர்களும் குறைந்தவர்கள் அல்லர். 1978-இல் தமிழ்நாட்டு அரசு 'லை', 'னை' முதலியவற்றின் பழைய கொம்பை மாற்றியபோது நம்மிடையே எழுந்த விவாதத்தை நினைத்துக்கொண்டால் அவர்கள் நிலை விளங்கும். கட்டுண்ட எழுத்துருவில் இந்த வழக்கைத் தீர்ப்பவர் விற்பனையாளர். கட்டற்ற எழுத்துருவிலோ இரு கட்சியாரும் தத்தமக்கு வேண்டிய வடிவத்தை அமைத்துக்கொண்டு, சண்டையைத் தொடரலாம்!

இப்போது சாசனத்துக்கு வருவோம். எழுத்துருக்களுக்கென்றே எழுதப்பட்ட ஓர் உரிமம் உண்டு. திறந்த எழுத்துரு உரிமம் என்று அதனைச் சொல்லலாம். எஸ்.ஐ.எல். என்னும் மொழியியல் நிறுவனம் அதை இயற்றியது. இப்போது வழக்கிலுள்ள 1.1 பதிப்பு 2007-இல் வெளிவந்தது. லோஹித் எழுத்துருக்களும் 2011-இல் அதன் கீழ் வந்துவிட்டன. அதன் வாசகத்தைப் படிக்குங்கால் எங்களுக்குக் கல்வெட்டு நினைவுதான் வருகிறது. இந்த எழுத்துருவை யாரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறருக்கு அளிக்கலாம். பிற மென்பொருளோடு சேர்த்து விற்கவும் செய்யலாம். தனியே இதை மட்டும் விலைக்கு விற்கலாகாது. திருத்தியவர், மூலத்தை ஆக்கியவர் தமக்கென்று ஒதுக்கிவைத்த பெயரைத் தம் திருத்தத்துக்குச் சூட்டலாகாது. வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமான நிபந்தனை இனிமேல்தான் வருகிறது. திருத்தப்பட்ட எழுத்துருவும் இதே உரிமத்தின் கீழேயே வெளிவர வேண்டும். கோயிலுக்கு விட்ட நிலத்தைப் பின்வந்த ஒருவர் தமதாக்கிக்கொள்ள முடியாததுபோல, ஊருக்கு விட்ட எழுத்தை எவரும் மீண்டும் வேலிகட்டி அடைக்க முடியாது. சாசனத்திலே பசுவைக் கொன்ற பாவம் என்று வரும் இடத்தில் இங்கே நீதிமன்றம் வருகிறது, வேறுபாடு அவ்வளவே.

அரசாங்க அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு உடனே ஓர் ஐயம் எழும். எங்களுக்கும் எழுந்தது. எழுத்துருவின் நிபந்தனை அதைக்கொண்டு தட்டிய கோப்பையும் பற்றிக்கொள்ளுமோ? சுற்றறிக்கை ஒன்றைக் கட்டற்ற எழுத்துருவில் அமைத்தால் அதையும் எவரும் திருத்தலாம் என்று ஆகிவிடுமோ? ஆகாது. எழுத்துருவைக்கொண்டு ஆக்கிய ஆவணங்களை இந்த உரிமம் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. குனூ உரிமத்தில் இந்த ஐயத்துக்கு இடமிருந்தமையால், எழுத்துருக்களுக்கென்று தனியே ஒரு விதிவிலக்கு வாசகத்தைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் ஏற்பட்டது.

இவ்வளவு அக்கறை ஓர் எழுத்துருவின் மேல் எதற்கு என்று கேட்கும் நேயர்களுக்கு எங்கள் அனுபவம் ஒன்றைக் கூற வேண்டும். மொழிபெயர்ப்புப் பிரிவில் எங்களுக்கு முன் இருந்த பெரியவர்கள் மூவர், ஆட்சித் துறைச் சொற்கோவை ஒன்றைப் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தார்கள். ஒரு சொல்லுக்காக மூன்று நாள் வாதம் செய்தவர்கள் அவர்கள். அதை அக்காலத்து வழக்கப்படி, ஒரு நிறுவனத்தின் சொந்தக் குறியீட்டில் அமைந்த எழுத்துருவில் தட்டிவைத்தார்கள். அந்த மென்பொருள் இயங்குவதற்குக் கணினியின் பின்புறம் ஒரு சிறு பூட்டுக்கருவியைச் செருகவேண்டும். கணினி மாறியது, பூட்டுக்கருவி எங்கோ தொலைந்தது, விற்றவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தக்குறிகளும் குப்பையாகக் கொட்டிக் கிடக்கின்றன. குறியீட்டின் அட்டவணை இருந்தால் மீட்டுவிடலாம். அட்டவணை நிறுவனத்தின் இரகசியம். மூவரில் இருவர் காலமாகிவிட்டனர். மூன்றாமவர் வீட்டில் பழைய அச்சுப்படி ஒன்று, பாதி கரையான் அரித்த நிலையில், கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு மாலை வேளைகளில் மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறோம். ஒருங்குறியில், கட்டற்ற எழுத்துருவில். 'த' வரிசை முடிந்திருக்கிறது. கரையான் தின்ற பக்கங்களில் எந்தச் சொற்கள் இருந்தன என்பதைத்தான் இனி யாரும் சொல்ல முடியாது.

கட்டற்ற எழுத்துருக்களில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நெடுநேரம் படிப்பதற்கு இதமான புத்தக எழுத்து வங்காளத்திலும் தமிழிலும் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. ஆர்வத்தால் தொடங்கியவர்கள் வேலை, குடும்பம் என்று விலகிப் போவதும், எழுத்துரு பாதியில் நிற்பதும் உண்டு. அண்மை ஆண்டுகளில் நிலைமை திருந்தியிருக்கிறது. பொருளுதவி பெற்று, தேர்ந்த கலைஞர்களே கட்டற்ற எழுத்துருக்களை வரைகிறார்கள். மும்பையின் ஏக் டைப் குழுவினர் அமைத்த 'அனேக்' வரிசையில் வங்காளமும் தமிழும் சேர்ந்தே இருக்கின்றன. முன்னே சொன்ன ஃபியோனா ராஸ் பின்னாளில் 'டைரோ பாங்க்லா' என்னும் கட்டற்ற எழுத்துருவின் ஆக்கத்தில் பங்கு கொண்டார் என்பதையும் மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். எங்கள் தொம்மலூரிலேயே, 2010-களில் இங்கிருந்து இயங்கிய இணையம், சமுதாயம் பற்றிய ஆய்வு மையம் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்குத் துணை நின்றது. விக்கிப்பீடியாவும், கணினியில் எழுத்துரு இல்லாத வாசகருக்குத் தானே ஒரு கட்டற்ற எழுத்துருவை அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அன்பளிப்பாக வந்த எழுத்துக்களைத்தான் அவ்வாறு அனுப்ப முடியும் என்பது சொல்லாமலே விளங்கும்.

வங்காள தேசத்தில் மெஹ்தி ஹசன் கான் என்னும் மருத்துவ மாணவர் 2003-இல் 'அப்ரோ' என்னும் வங்காளத் தட்டச்சுக் கருவியை ஆக்கி விலையின்றிக் கொடுத்தார். மூல நிரலும் பின்னர்த் திறந்துவிடப்பட்டது. 2025-இல் அந்நாட்டு அரசு அவருக்கும் தோழர்கள் மூவருக்கும் ஏகுஷே பதக்கம் வழங்கியது. தாய்மொழிக்காக 1952 பிப்ரவரி 21-இல் உயிர்விட்டோரின் நினைவால் அமைந்த விருது அது. பஞ்சானன் கர்மகாருக்குக் கிட்டாத முகப்பு இவர்களுக்குக் கிட்டியது.

நண்பர் கொண்டுவந்த எழுத்துருவில் அழைப்பிதழ் அச்சாயிற்று. 'உத்ஸப்' ஒன்றுசேர்ந்து நின்றது. ஆனால் நண்பரின் தாயார் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். 'கீர்த்தன்' என்னும் சொல். அதிலே ககரத்தின் ஈகாரக் கொக்கி மேலே வளைந்து வருகிறது. உடனே அடுத்த எழுத்தின் தலைமேல் ரேஃப் ஏறுகிறது. இரண்டும் முட்டிக்கொண்டு ஒரு முடிச்சாகிவிட்டிருந்தன. அச்சகத்தார், "இதை யார் பார்க்கப் போகிறார்கள், அம்மா?" என்றார். அம்மையார், "நான் பார்த்தேனே" என்றார்.

இந்த முறை கைகட்டி நிற்கவேண்டிய தேவை இல்லை. அந்த எழுத்துருவைப் பராமரிப்பவர்களுக்கு எழுதுவதென்று முடிவு செய்தோம். எழுதுவதற்குரிய முறையும் எளியதே: எழுத்துருவின் பெயர், பதிப்பு எண், பிழையுள்ள சொல், அது திரையில் தோன்றும் படம், எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. இந்தச் சான்றுக்குத்தான் சிறிது தடுமாறினோம். நண்பர் நூல்களைத் தேடினார். அம்மையார் அவரைத் தடுத்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'கீர்த்தன்', 'ஆஷீர்பாத்', 'தீர்க்க' என்று மூன்று சொற்களைத் தம் கையால் எழுதிக் கொடுத்தார். மூன்றிலும் ஈகாரத்துக்குப் பின் ரேஃப். பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்து. கொக்கி சற்றுத் தாழ்ந்தும், ரேஃப் வலப்புறம் விலகியும் நின்றன. அதைப் படமெடுத்து அனுப்பினோம். சில வாரங்கள் பதிலில்லை. பிறகு முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து நன்றியுடன் ஒரு கேள்வி வந்தது: ரேஃப் எல்லாச் சொல்லிலும் விலக வேண்டுமா, ஈகாரத்துக்குப் பின் மட்டுமா? அம்மையார் ஆலோசித்து, ஈகாரத்துக்குப் பின் மட்டும் என்றார். நண்பர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். நாங்கள் நிறுத்தக்குறிகளைச் சரிபார்த்தோம். எங்கள் பங்கு அவ்வளவே.

அடுத்த பதிப்பில் திருத்தம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு பூஜையின் அழைப்பிதழ் அதிலேதான் அச்சாயிற்று. முதற்படியை அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'கீர்த்தன்' என்பதை இரண்டு முறை படித்துத் தலையசைத்தார். பிறகு தாளை விளக்கருகே பிடித்து, "ஞகரத்தின் வால் சற்றுக் குட்டை" என்றார். அதையும் எழுதி அனுப்பியிருக்கிறோம்.